ஹைப்ரிட் கார் யாருக்கு லாபம்?

ஒரே மாடல் கார். பெட்ரோலில் ஒரு விலை, பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டில் அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. மைலேஜைப் பார்த்தால் மனம் ஹைப்ரிட் பக்கம் சாய்கிறது. விலையைப் பார்த்தால் பெட்ரோலே போதும் என்று தோன்றுகிறது. புதுக் கார் வாங்கப் போகிற பலர் இந்த இடத்தில்தான் நாள்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். கம்பெனி கொடுக்கும் கையேட்டை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் தேவையான தகவல் அதில் இல்லை. வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள், அந்தத் தூரத்தில் எவ்வளவு அடிக்கடி பிரேக் மிதிக்கிறீர்கள், ஹைப்ரிட் என்ற ஒன்றே இல்லாவிட்டால் எந்தக் காரை வாங்கியிருப்பீர்கள்: இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பின்கதவில் ஹைப்ரிட் என்று எழுதியிருக்கும் கார்களெல்லாம் ஒரே ரகம் கிடையாது.

மைல்டு ஹைப்ரிட்டில் 12 அல்லது 48 வோல்ட்டில் இயங்கும் ஒரு சிறிய மோட்டார் இருக்கும். பெரும்பாலும் பெல்ட் வழியாக இன்ஜினோடு இணைத்திருப்பார்கள். சிக்னலில் அணைந்த இன்ஜினை அதிராமல் கிளப்பிவிடும், வேகமெடுக்கும்போது கொஞ்சம் கைகொடுக்கும். இந்த வகையில் பெரும்பாலான கார்களை மோட்டாரை மட்டும் வைத்து ஓட்ட முடியாது. மிச்சமாகும் எரிபொருள் நூற்றுக்கு ஐந்து, மிஞ்சிப்போனால் பத்து. கூடுதல் விலை சொற்பமாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். இதற்காகவே ஒரு காரைத் தேர்ந்தெடுப்பது சரியாக வராது.

ஃபுல் ஹைப்ரிட் அல்லது ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நாயகன். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸிலிருந்து இந்த வகை பரவலானது. இதன் பேட்டரி சுமார் ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் மின்சாரம்தான் கொள்ளும். மோட்டாரிலேயே ஓட்டினால் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். ஆனால் தீர்ந்த வேகத்தில் மறுபடி நிரம்பிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து சார்ஜ் போட வேண்டியதில்லை, போடவும் முடியாது. டொயோட்டா, இன்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு கோள் கியர்த் தொகுதியில் (நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சிறிய பல்சக்கரங்கள்) இணைத்துவிடுகிறது. கிளட்ச் கிடையாது, வழக்கமான கியர் மாற்றமும் கிடையாது. ஹோண்டாவின் இரட்டை மோட்டார் முறையில் நகர வேகத்தில் இன்ஜின் பெரும்பாலும் மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும், நெடுஞ்சாலை வேகத்தில் நேரடியாகச் சக்கரத்தோடு இணைந்துகொள்ளும். நிசானின் இ-பவர் இன்னும் ஒரு படி போய், இன்ஜினைச் சக்கரத்தோடு சேர்ப்பதே இல்லை. அது வெறும் ஜெனரேட்டர்தான்.

ப்ளக்-இன் ஹைப்ரிட்டில் பேட்டரி பத்து மடங்கு பெரிது. வீட்டில் சார்ஜ் போட்டு ஐம்பது கிலோமீட்டரோ அதற்கு மேலோ மின்சாரத்திலேயே ஓட்டலாம், பிறகு பெட்ரோல் வேலையை எடுத்துக்கொள்ளும். இதைப் பற்றிப் பிறகு தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிரேக்கில் வீணாகும் பெட்ரோல்

ஹைப்ரிட் எப்படி மிச்சப்படுத்துகிறது என்பது புரிந்தால், எங்கே மிச்சப்படுத்தாது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். ஒன்றரை டன் எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருப்பது சுமார் 3.2 கோடி ஜூல். அதில் கால் பங்கைத்தான் சாதாரண கார் சக்கரம்வரை கொண்டுசேர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், நின்ற நிலையிலிருந்து 60 வேகத்தைத் தொட 25 மில்லி பெட்ரோல் செலவாகிறது. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் அவ்வளவும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. நாற்பது முறை இப்படி நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் போயிற்று.

ஹைப்ரிட்டில் பிரேக்கை மிதிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் காரின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் போட்டுவைக்கிறது. போகிற வழியிலும் வருகிற வழியிலும் இழப்பு உண்டு. ஆனாலும் ஏறத்தாழ பாதியளவு திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். திடீரென்று அழுத்தி நிறுத்துகிறவருக்கு இது குறையும், ஏனென்றால் மோட்டாரால் தாங்க முடியாத வேகத்தில் நிறுத்த வேண்டியிருக்கும்போது வழக்கமான பிரேக்தான் வேலை செய்யும். தூரத்திலேயே சிக்னலைப் பார்த்து மெதுவாக வேகத்தைக் குறைக்கிறவரின் கையில் அதே கார் கூடுதலாக மைலேஜ் கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

இது ஒரு பாதி. மறுபாதி இன்ஜினிலேயே இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். ஹைப்ரிட் கார்கள் பலவற்றில் அட்கின்சன் சுழற்சி என்ற முறையில் இன்ஜின் ஓடுகிறது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1880களில் உருவாக்கிய யோசனை இது. எரிந்த வாயு விரியும் தூரம், காற்றை அழுத்தும் தூரத்தைவிட அதிகமாக இருந்தால் எரிபொருளிலிருந்து கூடுதல் வேலையை வாங்கலாம். இன்றைய இன்ஜின்களில் உள்வால்வைச் சற்றுத் தாமதமாக மூடி இதைச் சாதிக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் கிளம்பும் நேரத்தில் இழுவை குறைந்துவிடும். மோட்டாரோ, நின்ற இடத்திலேயே முழு இழுவையையும் கொடுக்கும். இன்ஜினின் பலவீனத்தை மோட்டார் மறைத்துவிடுவதால்தான் சிக்கனமான இன்ஜினைத் துணிந்து வைக்க முடிகிறது. 2015இல் வந்த நான்காம் தலைமுறை ப்ரியஸின் இன்ஜின் அதிகபட்சமாக 40 சதவீத வெப்பத்திறனை எட்டுவதாக, அதாவது எரிபொருளின் ஆற்றலில் அவ்வளவு பங்கை இயக்கமாக மாற்றுவதாக டொயோட்டா அறிவித்தது. பெட்ரோல் இன்ஜினுக்கு இது மிக நல்ல அளவு.

நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகும்போது இன்ஜின் பெரும்பகுதி நேரம் அணைந்தே இருக்கும். ஏசியும் மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரசர் என்பதால், இன்ஜின் நின்றாலும் காருக்குள் குளிர்ச்சி நிற்காது. வெயிலில் ஊர்ந்துபோகும் பாதை உங்களுடையது என்றால், மைலேஜ் கணக்கை விட்டுவிட்டு இதற்காகவே ஹைப்ரிட்டை விரும்பினாலும் தப்பில்லை.

இப்போது நெடுஞ்சாலைக்கு வாருங்கள். ஒரே சீராக 100 வேகத்தில் ஒரு மணி நேரம் போகிறீர்கள். பிரேக்கே மிதிக்கவில்லை, அதனால் திரும்பக் கிடைக்க எதுவும் இல்லை. சக்கரத்துக்கு வந்துசேரும் ஆற்றலின் பெரும்பகுதி காற்றைக் கிழித்துப் போவதற்குத்தான் செலவாகிறது. அந்தக் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 100இலிருந்து 120க்குப் போனால் தடை 44 சதவீதம் அதிகம். ஹைப்ரிட்டாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அட்கின்சன் இன்ஜினின் சிக்கனம் மட்டும் மிஞ்சும்.

இன்னொரு பக்கம், இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் வருகிறவர்களுக்கும் எதிர்பார்த்த அளவு கிடைக்காது. குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கவே கார் அதை ஓட்டிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் ஹீட்டருக்காகவும் இன்ஜின் ஓடும்.

கூடுதல் விலையை லிட்டராக மாற்றிப் பாருங்கள்

எனக்குப் பிடித்த கணக்கு இதுதான். ஹைப்ரிட்டுக்காகக் கூடுதலாகக் கேட்கும் தொகையை, நீங்கள் பெட்ரோல் போடும் இடத்தின் ஒரு லிட்டர் விலையால் வகுத்துவிடுங்கள். இத்தனை லிட்டர் பெட்ரோலை முன்பணமாகக் கட்டுகிறேன் என்று அர்த்தம். அதை எத்தனை வருடத்தில் திரும்ப மிச்சம் பிடிக்கப் போகிறேன் என்பதுதான் கேள்வி.

உதாரணத்துக்கு அந்தக் கூடுதல் தொகை 1,500 லிட்டருக்குச் சமம் என்று வைப்போம். நகரத்தில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் ஹைப்ரிட் 22 கிலோமீட்டரும் கொடுக்கட்டும். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் பெட்ரோல் காருக்கு 667 லிட்டர் போடுவார், ஹைப்ரிட்டுக்கு 455. மிச்சம் 212 லிட்டர். முன்பணம் திரும்ப ஏழு வருடம் ஆகும். அதே நகரத்தில் 25,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் 530 லிட்டர். மூன்று வருடம் முடிவதற்குள் கணக்கு நேராகிவிடும்.

இப்போது அந்த 25,000 கிலோமீட்டரையும் நெடுஞ்சாலையில் வைத்துப் பாருங்கள். அங்கே பெட்ரோல் கார் 18, ஹைப்ரிட் 21 என்று கொண்டால் வருடத்துக்கு 200 லிட்டர்கூட மிச்சமாகாது. ஏழரை வருடம். நிறைய ஓட்டுகிறவருக்கு ஹைப்ரிட் லாபம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள்; எங்கே ஓட்டுகிறார் என்பதைச் சேர்க்காவிட்டால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

கடன் வாங்கி வாங்குகிறவர்கள், கூடுதல் தொகைக்கான வட்டியையும் லிட்டராக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுவிற்பனையில் ஹைப்ரிட்டுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் ஊராக இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வரிச்சலுகை இடத்துக்கு இடம் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும்; பதிவு செய்யும் நாளில் எது நடைமுறையோ அதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

மைலேஜ் எண்ணில் இன்னொரு பொறியும் இருக்கிறது. லிட்டருக்கு 10 கொடுக்கும் பெரிய வண்டி ஹைப்ரிட்டில் 15 கொடுக்கிறது. 20 கொடுக்கும் சிறிய கார் ஹைப்ரிட்டில் 30 கொடுக்கிறது. ஐந்து கூடியதைவிடப் பத்து கூடியதுதான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். 10,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் பெரிய வண்டியில் 333 லிட்டர் மிச்சம், சிறிய காரில் 167 லிட்டர்தான். ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி தவிர்க்க முடியாத தேவை என்றால் ஹைப்ரிட்டை முதலில் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். ஏற்கெனவே சிக்கனமான சிறிய காரில் இருக்கிறவர்களுக்கு மிச்சம் பிடிக்கப் பெரிதாக எதுவும் பாக்கி இல்லை.

ஹைப்ரிட் இல்லாவிட்டால் எந்தக் காரை வாங்கியிருப்பீர்கள் என்ற மூன்றாவது கேள்வியை நான் வைத்ததும் இதற்காகத்தான். 22 கொடுக்கும் பெரிய ஹைப்ரிட்டை, 15 கொடுக்கும் அதன் பெட்ரோல் வடிவத்தோடு ஒப்பிட்டால் 212 லிட்டர் மிச்சம். 20 கொடுக்கும் சிறிய பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் 45 லிட்டர்தான். சிறிய கார் போதும் என்ற குடும்பம் மைலேஜுக்காகப் பெரிய ஹைப்ரிட்டுக்குத் தாவினால், அந்தப் பணம் சிக்கனத்தின் பெயரில் வசதிக்குச் செலவாகிறது. வசதிக்காக வாங்குவதில் குற்றமில்லை. வசதிக்காகத்தான் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

சுற்றுச்சூழலை நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 212 லிட்டர் மிச்சம் என்றால் வருடத்துக்கு அரை டன்னை நெருங்குகிறது. இதைப் பணக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அதுவே தனியாக ஒரு காரணம்.

ப்ளக்-இன்னா, முழு மின்சாரமா?

ப்ளக்-இன் ஹைப்ரிட் காகிதத்தில் எல்லாருக்கும் பொருந்துவதுபோல் தெரியும். தினமும் மின்சாரம், தூரப் பயணத்துக்குப் பெட்ரோல். நடைமுறையில் எல்லாம் சார்ஜ் போடும் பழக்கத்தைப் பொறுத்தது. 2021இல் புதிதாகப் பதிவான கார்களிலேயே சேமிக்கப்பட்ட எரிபொருள் விவரங்களை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் சோதனைக்கூட அளவைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம் எரித்தன. ப்ளக்-இன் ஹைப்ரிட் கார்களோ சோதனைக்கூட அளவைப்போல் மூன்றரை மடங்கு எரித்திருந்தன. பல கார்கள் எதிர்பார்த்த அளவுக்கு சார்ஜ் ஆகவும் இல்லை, மின்சாரத்தில் ஓடவும் இல்லை. சார்ஜ் போடாத ப்ளக்-இன், பெரிய பேட்டரியைச் சுமந்துகொண்டு ஓடும் கனமான பெட்ரோல் கார்தான்.

ஆகவே காரை நிறுத்தும் இடத்திலேயே சார்ஜ் வசதி இல்லாதவர்கள் ப்ளக்-இன் பக்கமே போக வேண்டாம் என்பேன். அந்த வசதி இருக்கிறவர்களுக்கு வேறொரு கேள்வி வருகிறது: அப்படியானால் முழு மின்சாரக் காரே ஏன் கூடாது? இரவில் வீட்டிலேயே சார்ஜ், தினசரி ஓட்டம் பேட்டரி தாங்கும் தூரத்துக்குள், நீண்ட பயணம் வருடத்தில் எப்போதோ ஒருமுறை, அந்தப் பாதையிலும் சார்ஜ் நிலையங்கள் உண்டு என்றால் ஹைப்ரிட்டைவிட மின்சாரக் கார்தான் சரி. பிரேக் ஆற்றலைத் திரும்பப் பிடிப்பதிலும் அதன் பெரிய மோட்டாரும் பேட்டரியும் முந்திக்கொள்ளும். இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், சைலன்சர் என்று எதுவும் இல்லை. தெருவோரம் காரை நிறுத்துகிறவருக்கும், பொதுச் சார்ஜ் நிலையத்தை மட்டுமே நம்ப வேண்டியவருக்கும், ஒரே கார் வைத்துக்கொண்டு அடிக்கடி தொலைதூரம் போகிறவருக்கும் ஃபுல் ஹைப்ரிட் நிம்மதி.

டீசலைப் பற்றி இரண்டே வரி. சுமையோடு நெடுஞ்சாலையில் நிறைய ஓடுகிறவருக்கு இன்றைக்கும் அது நல்ல தேர்வுதான். நகரத்துக்குள்ளேயே குறுகிய ஓட்டம் என்றால் புகைவடிகட்டி அடைத்துக்கொண்டு தொல்லை கொடுக்கும்.

பேட்டரி பயம்

ஹைப்ரிட் வேண்டாம் என்பதற்கு அதிகம் கேட்கும் காரணம், பேட்டரி போனால் பெரிய செலவு என்பது. பயம் நியாயமானது, அளவுதான் மிகை. ஹைப்ரிட் பேட்டரியைக் கார் ஒருபோதும் முழுக்க நிரப்புவதில்லை, முழுக்க வடியவிடுவதும் இல்லை. நடுவாந்தரமான அளவிலேயே வைத்திருக்கும். அதனால்தான் அது கைபேசி பேட்டரியைப்போல் சில வருடங்களிலேயே சோர்ந்துபோவதில்லை. எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி பல கம்பெனிகளில் வழக்கம். உங்கள் காருக்கு எவ்வளவு, இரண்டாவது உரிமையாளருக்கும் அது தொடருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பம். பல கார்களில் பின்சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் ஒன்று இருக்கும். பையையும் போர்வையையும் வைத்து அதை அடைத்துவிடுவார்கள், உள்ளே இருக்கும் வடிகட்டியில் தூசி படியவிடுவார்கள். சர்வீஸுக்கு விடும்போது அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று: ஹைப்ரிட்டிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு. வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்திவைத்தால் முதலில் காலைவாருவது அதுதான். பெரிய பேட்டரி போய்விட்டது என்று பதறத் தேவையில்லை.

செலவு குறையும் இடங்களும் உண்டு. பிரேக் பேடு நீண்ட நாள் வரும். டொயோட்டா முறையில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ கிடையாது, ஆகவே அவை பழுதாகவும் வழியில்லை. ஆனால் ஆரஞ்சு நிற உறை போட்ட உயர் மின்னழுத்தக் கம்பிகளில் கைவைக்கப் பயிற்சி வேண்டும். உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஹைப்ரிட் தெரிந்த சர்வீஸ் நிலையம் இல்லையென்றால், மேலே போட்ட கணக்கு எவ்வளவு சாதகமாக வந்தாலும் நான் பெட்ரோல் காரைத்தான் சொல்வேன்.

செகண்ட் ஹேண்டில் ஹைப்ரிட் வாங்குவது நல்ல வழி, ஏனென்றால் அந்தக் கூடுதல் விலையில் ஒரு பகுதியை முதல் உரிமையாளர் ஏற்கெனவே கட்டிவிட்டார். ஆனால் பேட்டரிப் பரிசோதனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கேனரை மாட்டினால் பேட்டரியின் ஒவ்வொரு தொகுதியின் வோல்ட்டேஜும் தெரியும். ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றால் பிரச்சினை தொடங்கிவிட்டது. ஓட்டிப் பார்க்கும்போது பேட்டரி அளவுக் கோடு சட்டென்று ஏறி சட்டென்று இறங்குவதும் அதே அறிகுறி. அப்படிப்பட்ட காரை விட்டுவிடலாம், அல்லது மாற்றுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசலாம்.

எதை எடுப்பதாக இருந்தாலும் டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றியுள்ள காலி ரோட்டில் முடித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போகும் பாதையில், அதே நெரிசல் நேரத்தில், ஏசியைப் போட்டு, வீட்டில் உள்ளவர்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் மைலேஜ் மீட்டரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பாருங்கள். சில ஹைப்ரிட்களில் வேகம் கூடுவதற்கு முன்பே இன்ஜின் இரைச்சல் உச்சத்துக்குப் போய்விடும், சிலருக்கு அது தாங்காது. பிரேக்கை மெல்ல மிதித்து முழுக்க நிறுத்துங்கள். மோட்டார் கைவிட்டுப் பிரேக் பேடு பிடிக்கும் அந்தக் கணத்தில் பெடல் சீராக இருக்கிறதா, உதறுகிறதா என்று காலுக்குத் தெரியும். திரும்பி வந்ததும் மீட்டரில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரம், அதே பாதை, அதே ஆட்களோடு பெட்ரோல் வடிவத்தையும் ஓட்டி அந்த எண்ணையும் குறித்துக்கொண்டால், 15க்கும் 22க்கும் பதிலாக உங்கள் சொந்த எண்களைப் போட்டு வருடக் கணக்கைப் போட்டுவிடலாம்.